நேர்கோட்டில் நடக்காத நாவல்: லாரன்ஸ் ஸ்டெர்னின் ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’யைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1759 டிசம்பரில், இங்கிலாந்தின் யார்க் நகரில், லாரன்ஸ் ஸ்டெர்ன் என்ற கிராமத்துப் பாதிரியார் தன் சொந்தச் செலவில் இரண்டு சிறிய புத்தகங்களை அச்சிட்டு வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 46. லண்டன் பதிப்பாளர் டாட்ஸ்லி முதலில் ஏற்கத் தயங்கிய கையெழுத்துப் பிரதி அது. சில மாதங்களுக்குள் லண்டன் முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. ஓவியர் ரெனால்ட்ஸ் ஸ்டெர்னின் உருவப்படத்தை வரைந்தார். ஹோகார்த் நாவலின் ஒரு காட்சிக்குச் சித்திரம் தீட்டிக் கொடுத்தார். அடுத்த ஏழு ஆண்டுகளில் அந்த நாவல் ஒன்பது பாகங்களாக வளர்ந்தது. ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி என்னும் கனவானின் வாழ்க்கையும் கருத்துகளும்’ என்பது அதன் முழுப்பெயர். தலைப்பு வாழ்க்கை வரலாறு என்று சொல்கிறது. ஆனால் கதாநாயகன் பிறப்பதற்கே மூன்றாம் பாகம் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்த நாவலைத் தொடங்கிய பலர் இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘கதை எப்போது தொடங்கும்’ என்று காத்திருப்பதுதான் அதற்குக் காரணம் என்பது என் கருத்து. ஸ்டெர்ன் தன் வாசகரிடம் வேலை வாங்குகிறார். போன அத்தியாயத்தைத் திரும்பப் படிக்கச் சொல்கிறார், கதவைச் சாத்தச் சொல்கிறார், படம் வரையச் சொல்கிறார். அந்த வேலைகளைச் செய்பவருக்கு மட்டுமே இந்த நாவல் திறந்து கொடுக்கும். எனவே, என்ன புரிந்துகொள்ள வேண்டும் என்பதோடு, எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: சரியான பதிப்பு

இதில் அலட்சியம் காட்டக் கூடாது. நான் முதலில் படித்தது இணையத்திலிருந்து இறக்கிய வெறும் எழுத்துக் கோப்பு. கறுப்புப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் அதில் ஒன்றுமே இல்லை. கோடுகளெல்லாம் ஒரே நீளத்தில் இருந்தன. பாதி நாவலைத் தொலைத்துவிட்டுப் படித்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்டெர்ன் அச்சுக்கூடத்தையும் தன் எழுதுகோலாகவே பயன்படுத்தியவர். ஆகவே கறுப்புப் பக்கம், வண்ணப் பக்கம், வெற்றுப் பக்கம், கோட்டுப் படங்கள், விடுபட்ட அத்தியாயம் ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மெல்வின் நியூ முதலானோர் பதிப்பித்து 1978 இல் வெளிவந்த ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பதிப்பின் பாடம் நம்பகமானது. பெங்குவின் கிளாசிக்ஸ் பதிப்பு அந்தப் பாடத்தையே பின்பற்றுகிறது. பல மலிவுப் பதிப்புகள் வண்ணப் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுகின்றன. உங்களுக்குக் கிடைத்தது அப்படிப்பட்டதாக இருந்தால், முதல் பதிப்பின் அந்தப் பக்கத்தை நிழற்படமாகவாவது ஒருமுறை வண்ணத்தில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: வீட்டு மனிதர்களை அறிமுகம் செய்துகொள்ளுதல்

நாவலின் பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. தந்தை வால்டர் ஷாண்டி எதற்கும் ஒரு தத்துவம் வைத்திருப்பவர். மூக்கின் நீளமும் சூட்டப்படும் பெயரும் ஒருவனுடைய தலைவிதியைத் தீர்மானிக்கின்றன என்று மனதார நம்புபவர். அவருடைய தம்பி, டிரிஸ்ட்ரமுக்குச் சித்தப்பாவான டோபி, 1695 இல் நமூர் கோட்டை முற்றுகையின்போது அடிவயிற்றுக்குக் கீழே காயம்பட்ட படைத்தலைவர். டோபியின் பணியாளும் தோழருமான கார்ப்பரல் ட்ரிம், 1693 இல் லாண்டென் போர்க்களத்தில் முழங்காலில் குண்டடி பட்டவர். இவர்களோடு அதிகம் பேசாத அம்மா, பிரசவம் பார்க்க வரும் டாக்டர் ஸ்லாப், ஊர்ப் பாதிரியார் யோரிக், வேலைக்காரர்கள் சுசன்னா, ஒபதையா, அடுத்த வீட்டு விதவை வாட்மன். இவ்வளவு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். நடுவே கொட்டப்படும் பழைய நூலாசிரியர்களின் பெயர்களை அடிக்குறிப்புகளில் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். முதல் வாசிப்பில் அவற்றைக் கடந்து போகலாம்.

மூன்றாம் படி: முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்தல்

முதல் அத்தியாயம் இரண்டே பக்கம். அதில் டிரிஸ்ட்ரம் தான் கருவான இரவைச் சொல்கிறான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு மாடிப்படிக்கு மேலே இருக்கும் பெரிய கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது தந்தையின் வழக்கம். தாம்பத்தியக் கடமையையும் அவர் அதே இரவோடு சேர்த்து முடித்துவிடுவார் என்பதை நான்காம் அத்தியாயத்தில்தான் தெரிந்துகொள்கிறோம். 1718 மார்ச் மாதத்தின் அந்த இரவில், முக்கியமான தருணத்தில், அம்மா கேட்கிறாள்: “என்னங்க, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டீர்களா?” தந்தை வெகுண்டு கத்துகிறார். தன் வாழ்க்கையின் கோளாறுகள் அனைத்தும் அந்தக் கேள்வியில் தொடங்கின என்கிறான் மகன்.

இது சிரிப்புக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. தத்துவவாதி ஜான் லாக், தமக்குள் இயல்பான தொடர்பில்லாத இரண்டு எண்ணங்கள் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டால் ஒன்று வரும்போது மற்றொன்றும் கூடவே வந்துவிடும் என்று விளக்கியிருந்தார். அம்மாவின் மனத்தில் கடிகாரமும் கட்டிலும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டன. இந்த ஒரு விதி பிடிபட்டால், நாவல் ஏன் தாவித் தாவிச் செல்கிறது என்பது விளங்கிவிடும். எல்லாருடைய மனமும் இப்படியே ஓடுகிறது. மற்ற நாவலாசிரியர்கள் அந்த ஓட்டத்தை வெட்டி நேராக்கிக் கொடுத்தார்கள், ஸ்டெர்ன் அதை ஓடும்படியே விட்டார்.

உரக்கப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் கோடுகள். ஸ்டெர்னின் பக்கங்களில் முற்றுப்புள்ளியைவிடக் கோடுகளே கண்ணில் படும், முதல் பதிப்பில் அவற்றின் நீளமும் ஒன்றுபோல் இராது. குட்டைக் கோட்டில் மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். நெட்டைக் கோட்டில் எதிரே இருப்பவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். எழுதுவது என்பது உரையாடலுக்கு இன்னொரு பெயர்தான் என்று இரண்டாம் பாகத்தின் 11ஆம் அத்தியாயத்தில் அவரே சொல்கிறார். நல்ல பேச்சுத்துணை எல்லாவற்றையும் தானே சொல்லிவிடாமல் பாதியைக் கேட்பவரின் கற்பனைக்கு விட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நட்சத்திரக் குறிகள் வரிசையாக வரும் இடங்களில் எந்தச் சொல் மறைந்திருக்கிறது என்று நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். நிரப்பிய சொல் கொச்சையாக இருந்தால் அது உங்களுடைய சொல், அவருடையதன்று.

நான்காம் படி: சொல்வதைச் செய்தல்

முதல் பாகத்தின் 20ஆம் அத்தியாயத்தில் கதைசொல்லி ஒரு பெண் வாசகரை நிறுத்துகிறான். போன அத்தியாயத்தில் தன் தாய் கத்தோலிக்கர் அல்லர் என்று சொல்லியிருந்ததை அவர் கவனிக்கவில்லையாம். திரும்பிப் போய் அத்தியாயம் முழுவதையும் படித்துவிட்டு வரும்படி அனுப்பிவைக்கிறான். அவர் போயிருக்கும் நேரத்தில் மற்ற வாசகர்களோடு பேசிக்கொண்டிருக்கிறான். பெரும்பாலோர் இதைப் படித்துப் புன்னகைத்துவிட்டு மேலே போய்விடுவார்கள். நீங்கள் உண்மையிலேயே திரும்பிப் போங்கள். எங்குமே நேரடியாகச் சொல்லப்படாத செய்தி அது. கடைசியில் ஒரு வாக்கியத்தில், ‘பெயர் சூட்டுவதற்கு முன்’ என்ற நிபந்தனைக்குள் ஒளிந்திருக்கிறது. பிறக்காத குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கத்தோலிக்கக் குருமார் சிலர் தீர்ப்புச் சொல்லியிருக்கும்போது, பெயர் சூட்டுவதற்கு முன் நான் பிறந்தாக வேண்டும் என்று ஒருவன் எழுதினால், அவனுடைய குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம் அன்று என்பதுதான் அந்தத் தர்க்கம். கதையின் முடிவைத் தேடி ஓடும் வாசிப்பில் இது ஒருபோதும் சிக்காது.

ஐந்தாம் படி: காலக் கணக்கு வைத்தல்

ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, ஒன்றில் கதைக்குள் நடக்கும் காலத்தையும் மற்றொன்றில் உங்கள் வாசிப்புக் காலத்தையும் எழுதிவையுங்கள். ஒரே ஓர் இடத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். முதல் பாகத்தின் 21ஆம் அத்தியாயத்தில், மாடியில் பிரசவ வேதனை தொடங்கிவிட்டது. கீழே அண்ணனும் தம்பியும் கணப்பருகில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே என்ன சத்தம் என்று அண்ணன் கேட்கிறார். டோபி வாயிலிருந்து புகைக்குழாயை எடுத்து, அதன் தலையை இடது கைக் கட்டைவிரல் நகத்தில் இரண்டு மூன்று முறை தட்டிக்கொண்டே, “நான் நினைக்கிறேன்” என்று தொடங்குகிறார். அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு டோபியின் குணம், நமூர் முற்றுகை, பட்ட காயம், வரைபடங்கள், பொழுதுபோக்கு என்று கதை விலகிப் போகிறது. இரண்டாம் பாகத்தின் 6ஆம் அத்தியாயத்தில் மறுபடியும் அதே புகைக்குழாய், அதே தட்டல். “மணியை அடித்துக் கேட்டால் நல்லது என்று நான் நினைக்கிறேன், அண்ணா” என்று வாக்கியம் முடிகிறது. இத்தனை பக்கங்கள் கழித்து வந்து சேர்வது இவ்வளவு சாதாரணமான வாக்கியம். ஆனால் இப்போது அதைச் சொல்பவர் நமக்கு உறவினராகிவிட்டார். விலகிச் செல்வதும் முன்னே செல்வதும் தன் நூலில் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்று 22ஆம் அத்தியாயத்தில் ஸ்டெர்ன் சொல்வதன் பொருள் இதுதான்.

நான்காம் பாகத்தின் 13ஆம் அத்தியாயத்தில் கதைசொல்லியே கணக்குப் பார்க்கிறான். எழுதத் தொடங்கி ஓராண்டு ஆகிவிட்டது. வாழ்க்கையின் முதல் நாளையே இன்னும் தாண்டவில்லை. எழுதும் வேகத்தைவிட 364 மடங்கு வேகமாக வாழ்ந்துகொண்டிருக்கிறான். எழுத எழுத எழுத வேண்டியது பெருகுகிறது. ஐந்தாம் பாகத்தில் தந்தைக்கும் இதே கதி வருகிறது. மகனை வளர்ப்பதற்கென்று அவர் ஒரு கல்வி நூல் எழுத உட்கார்ந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் பாதியை எட்டவில்லை. அதற்குள் மகன் வளர்ந்துவிடுவதால் நாளுக்கு ஓரிரு பக்கங்கள் பயனற்றுப் போகின்றன. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்போடு துக்கமும் வரும்.

ஆறாம் படி: விசித்திரப் பக்கங்களின் முன் நின்று பார்த்தல்

முதல் பாகத்தின் 12ஆம் அத்தியாயத்தில் பாதிரியார் யோரிக் இறந்துபோகிறார். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டில் விதூஷகன் யோரிக்கின் மண்டையோட்டைப் பார்த்துச் சொல்லப்படும் இரங்கல் சொற்களே அவருடைய கல்லறையில் பொறிக்கப்படுகின்றன. அதற்கடுத்த தாளின் இரு பக்கமும் முழுக் கறுப்பு. கண் சட்டென்று தாண்டிப் போகப் பார்க்கும். தாண்ட விடாமல் ஒரு நிமிடம் அங்கேயே இருங்கள். அழுவதற்குச் சொல் கிடைக்காத மனிதன் மையைக் கொட்டிய பக்கம் அது.

மூன்றாம் பாகத்தின் 36ஆம் அத்தியாயத்தில் வரும் வண்ணப் பக்கம் நேர்மாறானது. பழைய கணக்குப் புத்தகங்களின் அட்டையில் ஒட்டியிருக்கும் மார்பிள் காகிதம் போன்றது. கெட்டியான கரைசலின் மேல் வண்ணங்களை மிதக்கவிட்டு, கலைத்து, அதன் மேல் தாளை மெல்லப் படுக்கவைத்து எடுப்பார்கள். நான்கு ஓரங்களும் வெள்ளையாக நிற்பதற்காகத் தாளின் விளிம்புகளை மடித்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் உலர்ந்த பின் மறுபக்கத்துக்கும் இதையே செய்வார்கள். இப்படிப் படிக்கு ஒரு தாளாகக் கையால் செய்ததால், முதல் பதிப்பின் எந்த இரண்டு படிகளிலும் அந்தப் பக்கம் ஒன்றுபோல் இல்லை. அச்சு வந்தபின் எல்லா வாசகரும் ஒரே புத்தகத்தைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையை அந்த ஒரு தாள் உடைத்தது. தன் நூலின் பன்னிற அடையாளம் என்று ஸ்டெர்ன் அதை அழைக்கிறார். இருநூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிடத் துணிச்சலான அச்சுப் பரிசோதனை எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் பாகத்தின் 38ஆம் அத்தியாயத்தில் விதவை வாட்மனின் அழகை வர்ணிக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பக்கம் இருக்கும். மையையும் எழுதுகோலையும் எடுத்து உங்கள் மனத்துக்குப் பிடித்தபடி வரைந்துகொள்ளுங்கள் என்கிறான் டிரிஸ்ட்ரம். பென்சிலால் வரையுங்கள், புத்தகத்தில் கிறுக்க மனம் வராதவர்கள் ஒரு தாளில் வரைந்து உள்ளே வையுங்கள். நான்காம் பாகத்தில் 24ஆம் அத்தியாயமே இராது, பத்துப் பக்கங்களைக் காணாது. அது மற்றவற்றைவிட மிக நன்றாக அமைந்துவிட்டதால் சமநிலை கெடும் என்று கிழித்துவிட்டானாம். மூன்றாம் பாகத்தின் நடுவில் முன்னுரை வரும். பாத்திரங்கள் எல்லாரும் தூங்கவோ வேறு வேலையில் இறங்கவோ செய்ததால் இப்போதுதான் நேரம் கிடைத்தது என்பது காரணம். ஆறாம் பாகத்தின் 40ஆம் அத்தியாயத்தில், அதுவரை கதை சென்ற வழியை வளைந்தும் சுழன்றும் போகும் கோடுகளாக வரைந்தே காட்டுகிறான். நீங்கள் வைத்திருக்கும் காலக் கணக்கை அந்தக் கோடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: விளையாட்டுக்கு அடியில் இருப்பதைக் காணுதல்

என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான படி. டோபி சித்தப்பா வீட்டுத் தோட்டத்துப் புல்வெளியில் கோட்டைகளின் மாதிரிகளைக் கட்டி, செய்தித்தாளில் வரும் போர்களை ட்ரிம்முடன் சேர்ந்து நடத்துகிறார். உண்மைப் போரில் உடைந்தவர் பொம்மைப் போரில் ஆறுதல் தேடுகிறார். அதே டோபி, சாப்பாட்டு வேளை முழுதும் மூக்கைச் சுற்றித் தொல்லை கொடுத்த ஈயைப் பிடித்து, கொல்லாமல், ஜன்னலைத் திறந்து, நாம் இருவரும் இருக்கும் அளவுக்கு இந்த உலகம் பெரியது என்று சொல்லிப் பறக்கவிடுகிறார். ஆனால் அவருடைய பொம்மைப் பீரங்கிகளுக்காக ட்ரிம், மேலும் கீழும் நகரும் ஜன்னல் சட்டங்களைத் தாங்கும் ஈயக் குண்டுகளைக் கழற்றிவிட்டதால், ஒரு நாள் குழந்தை டிரிஸ்ட்ரமின் மேல் ஜன்னல் விழுந்துவிடுகிறது. ஈயையும் நோகடிக்காதவரின் விளையாட்டு ஒரு குழந்தையைக் காயப்படுத்துகிறது. ஸ்டெர்ன் இதற்குத் தீர்ப்பு எழுதவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுப் போகிறார்.

ஈ மறுபடியும் வருகிறது. 1766 இல், லண்டனில் வாழ்ந்த, அடிமைக் கப்பலில் பிறந்தவராக அறியப்பட்ட இக்னேஷியஸ் சாஞ்சோ, அடிமைமுறையைப் பற்றி எழுதும்படி வேண்டி ஸ்டெர்னுக்குக் கடிதம் எழுதினார். நட்பற்ற ஓர் ஏழைக் கறுப்பினப் பெண்ணைப் பற்றித் தான் அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்ததாக ஸ்டெர்ன் பதில் அனுப்பினார். ஒன்பதாம் பாகத்தின் 6ஆம் அத்தியாயத்தில் அவள் இருக்கிறாள். ஒரு கடையில், நீண்ட பிரம்பின் நுனியில் வெள்ளை இறகுகளைக் கட்டி ஈக்களை விரட்டுகிறாள், கொல்லவில்லை. துன்புறுத்தப்பட்டதால் அவள் இரக்கத்தைக் கற்றுக்கொண்டாள் என்கிறார் டோபி. இரண்டாம் பாகத்து ஈயை நினைவில் வைத்திருப்பவருக்கு அந்த வரி வேறு எடையில் விழும்.

மூத்த மகன் பாபி இறந்த செய்தி வரும் ஐந்தாம் பாகத்தை மெதுவாகப் படியுங்கள். கூடத்தில் தந்தை பண்டைய அறிஞர்களை மேற்கோள் காட்டித் துயரத்தைப் பேச்சாக மாற்றிவிடுகிறார். செய்தியைக் கேட்ட சுசன்னாவின் மனத்தில் முதலில் எழுவது, துக்கத்துக்காக எஜமானி இனி உடுத்தமாட்டாத பச்சை சாட்டின் ஆடை. சமையலறையில் ட்ரிம், இந்தக் கணம் நாம் இங்கே இருக்கிறோம் அல்லவா என்று கைத்தடியைத் தரையில் ஊன்றுகிறார். மறுகணம் இல்லை என்று தொப்பியைக் கீழே போடுகிறார். பாரமான ஒரு மண்கட்டி விழுந்ததுபோல அது விழுகிறது. சுசன்னா கண்ணீர் விடுகிறாள். தந்தையின் அத்தனை மேற்கோள்களும் செய்யாததைத் தொப்பி செய்துவிடுகிறது. வீட்டிலிருந்து ஏதாவது ஒரு தொப்பியை எடுத்து விழவிட்டுப் பாருங்கள். எவ்விதமாக விழ வேண்டும் என்று கதைசொல்லி ஏன் இவ்வளவு பேசுகிறான் என்பது புரியும்.

எட்டாம் படி: ஏழாம் பாகத்தில் ஓட்டத்தைக் கூட்டுதல்

இங்கே மட்டும் வேகமாகப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். கல்லூரிக் காலத்திலிருந்தே ஸ்டெர்னுக்குக் காசநோய். 1762 இல் உடல் தேறுவதற்காக பிரான்ஸ் சென்றார். ஏழாம் பாகத்தின் தொடக்கத்தில் மரணம் டிரிஸ்ட்ரமின் கதவைத் தட்டுகிறது. அவன் பிரான்ஸ் முழுவதும் அதனிடமிருந்து தப்பி ஓடுகிறான். ஊர்களின் பெயர்கள் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. ஆண்டுக்கு இரண்டு பாகம் எழுதிக்கொண்டே இருப்பேன் என்று முதல் பாகத்தில் விளையாட்டாகச் சொன்னவன் ஏன் கதையை முடிக்க மறுக்கிறான் என்பது இங்கே தெளிவாகிறது: விலகிப் போவது அவனுக்கு உயிரோடு இருப்பதற்கான வழி. 1768 மார்ச் 18 அன்று லண்டனில் ஸ்டெர்ன் இறந்தார். அப்போது வயது 54. கடைசி ஆண்டில் அவர் மனம் பறிகொடுத்த எலைசா டிரேப்பர், இன்றைய கேரளத்தின் அஞ்சுதெங்கில் பிறந்து, பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவர். நம் கடற்கரைக்கு அருகே வரும் அந்த இழையைத் தொடர விரும்புகிறவர்கள் அவருக்காக ஸ்டெர்ன் எழுதிய நாட்குறிப்பைத் தனியாகப் படிக்கலாம்.

ஒன்பதாம் படி: கடைசிப் பாகமும் மீண்டும் முதல் பாகமும்

ஒன்பதாம் பாகத்தில் டோபி, விதவை வாட்மனைப் பெண் கேட்கப் போகிறார். சுதந்திரமான மனிதன் எப்படி இருப்பான் என்று காட்ட ட்ரிம் தடியைக் காற்றில் சுழற்றும் சுழற்சி ஒரு கோடாக அச்சாகியிருக்கிறது. விரலால் அதைத் தடவிப் பாருங்கள். 18, 19 ஆகிய இரண்டு அத்தியாயங்களும் வெறுமையாக இருக்கும். 25ஆம் அத்தியாயம் முடிந்த பிறகே அவை வரும், அப்போது திரும்பிப் போய் அவற்றின் இடத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும். காயம் எந்த இடத்தில் என்று அறிய வாட்மன் தவிக்கிறாள். அந்த இடத்தையே காட்டுகிறேன் என்கிறார் டோபி. அவள் முகம் சிவக்கிறது. அவரோ நமூர் வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்கிறார். 8ஆம் அத்தியாயத்தின் இறுதியை இந்தச் சிரிப்புக்கு நடுவே தவறவிடாதீர்கள். தான் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் வாழ்க்கை எவ்வளவு விரைவாகக் கழிகிறது என்பதைச் சொல்கிறது என்று டிரிஸ்ட்ரம் தன் அன்புக்குரிய ஜென்னியிடம் பேசும் அந்தச் சில வரிகள், நாவலிலேயே முகமூடி இல்லாமல் எழுதப்பட்டவை.

நாவலின் கடைசிக் காட்சி, கதாநாயகன் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் நடக்கிறது. பசு கன்று ஈனாதது பற்றி, ஊர்ப் பொதுக் காளையின் மேல் பழி விழுவது பற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் என்ன கதை என்று கேட்கிறாள் அம்மா. சேவலும் காளையும் கதை என்கிறார் யோரிக். ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் கட்டுக்கதை என்று பொருள். அந்த வகையில் தான் கேட்டவற்றுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்று இது என்றும் சொல்கிறார். நாவல் அங்கே நிற்கிறது. கடைசிச் சொல்லைச் சொன்னவர் முதல் பாகத்திலேயே இறந்துபோனவர். புத்தகத்தை மூடாமல், முதல் பாகத்தின் 12ஆம் அத்தியாயத்துக்குப் போய், அந்தக் கறுப்புத் தாளை இன்னொரு முறை திருப்புங்கள்.